ஏணியில் இறங்காதவள்

என் போனுக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. குழாய் ரிப்பேர்காரரைத் தேடினால் அவர் கிடைப்பதில்லை. எண் இல்லாமல் இல்லை. பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனால் நடுவில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார். பெயரை அடித்துத் தேடினால் மட்டும், அப்படி ஒரு ஆளே இல்லை என்று போன் சாதிக்கிறது. டாக்டரைத் தேடினாலோ டாக்டரோடு என் நாத்தனார், பால்காரர், எப்போதோ செத்துப்போன இன்சூரன்ஸ் ஏஜெண்ட் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறது. கராச்சர்மா பஸ் ஸ்டாப் பக்கத்தில் போன் கடை வைத்திருப்பவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆன்ட்டி, பேருக்குக் கீழ ஊர்னு ஒரு கட்டம் இருக்குல்ல? குழாய்க்காரருக்கு அதைக் காலியா விட்டிருக்கீங்க. அது காலியா இருந்தா இந்த ஆப்பு அந்த ஆளைக் கண்டுக்காது. ஒரே ஊர் போட்டவங்களா இருந்தா மொத்தமா இழுத்துட்டு வந்துடும். உங்க தப்பு இல்ல, செஞ்சவங்க தப்பு. சரி பண்ணி அனுப்புவாங்க."

அனுப்பும்போது அனுப்பட்டும். எனக்கு இந்தக் கோளாறு புதிதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த சின்ன வயதில் இதே கோளாறு போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தது. கைலி கட்டிக்கொண்டு, காதில் பென்சில் சொருகிக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து "யாரு புள்ள நீ?" என்று வாராவாரம் கேட்டது. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ராமநாதபுரம் பக்கம் ஏதோ கடற்கரை ஊர். கடற்கரையில் பிறந்தும் கப்பல் ஒத்துக்கொள்ளாத உடம்பு. மதராசிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த பயணம் முழுக்கக் குடலைப் பிடுங்கி வாந்தி எடுத்தாராம். இறங்கியதும் மண்ணைத் தொட்டு, இனி செத்தாலும் கப்பல் ஏற மாட்டேன் என்று சத்தியம் செய்தாராம். அவருடைய உம்மா மௌத்தான செய்தி வந்தபோதும் அவர் போகவில்லை. கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதார், அவ்வளவுதான். அதை ஊரில் சிலர் குற்றமாகவே பேசினார்கள்.

அப்படிப்பட்டவர், ஒவ்வொரு கப்பல் வரும்போதும் கடையை அப்படியே போட்டுவிட்டு, கப்பல் வந்து அணைகிற ஜெட்டிக்கு ஓடுவார். கிட்டே போகமாட்டார். சுமை தூக்குகிறவர்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், தரை ஆடாத இடமாகப் பார்த்து நின்றுகொள்வார். ஏணியில் இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் பார்ப்பார். தலையில் தகரப்பெட்டி, இடுப்பில் பிள்ளை, கையில் கோழிக்கூண்டு, அம்மிக்கல்லை விட மாட்டேன் என்று கட்டித் தூக்கிக்கொண்டு வந்த பொம்பளை, எல்லாம் அவர் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்த ஆள் தீவில் எந்த மூலைக்குப் போனாலும் பாய்க்குத் தெரிந்துவிடும். ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லச் சொல்ல ஏணியில் இறங்கிய அந்த ஆளோடு அதைச் சேர்த்து வைத்துக்கொள்வார்.

அந்தக் காலத்தில் அதற்கு ரொம்பத் தேவை இருந்தது. இன்றைக்கு ஒரு இடத்தில் ரோடு வேலை, அடுத்த மாதம் காட்டுக்குள் மர வேலை, அதற்கடுத்து எங்கேயோ நெல் விதைக்கத் திருத்திக் கொடுத்த நிலம் என்று ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு எண் கிடையாது, தெருவுக்குப் பெயர் கிடையாது. ஆகவே மெயின்லேண்டில் இருக்கிற தாய் தகப்பன்மார் கடிதமோ, முறுக்கு டின்னோ, கல்யாணச் சேதியோ எதுவானாலும் பாய் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் ஒன்றையும் எழுதி வைப்பதில்லை. கூரைக் கம்பியிலிருந்து சாமான்கள் தொங்கும். கேட்டு வருகிறவர்களிடம் அவர் பெயர் கேட்க மாட்டார், அப்பா பெயர் கேட்க மாட்டார். "எந்தக் கப்பல்?" என்பார். வங்காளி வந்தால் "கோன் ஜஹாஜ் மே ஆயா?" என்பார். பதில் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரல் தராசுத் தட்டின் விளிம்பில் மெல்ல ஓடும். உதடு அசையும். அந்தக் கப்பலின் ஏணி மறுபடியும் இறக்கப்பட்டு, அத்தனை பேரும் வரிசையாக இறங்குகிறார்கள் என்று அர்த்தம். சரியான ஆள் இறங்கியதும் கண்ணைத் திறப்பார்.

கப்பலுக்கு நிஜப் பெயர் என்று ஒன்று உண்டு. அது யாருக்கு வேண்டும்? ஒரே கப்பல்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பெயர். மாதக்கணக்கில் வெங்காயமே கண்ணில் காணாமல் இருந்தபோது மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தது வெங்காயக் கப்பல். நடுக்கடலில் திணறியது புயல் கப்பல். உப்பு மட்டும் ஏராளமாக வந்து, வேறு ஒன்றும் வராமல் ஊரே திட்டிய கப்பல் உப்புக் கப்பல். என் அப்பா மாரிமுத்து உப்புக் கப்பலில் வந்தவர்.

இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டில் எங்கே ஓட்டை என்று கேட்கிறீர்களா? கொத்தனார் ஒருவர் இருந்தார். வெங்காயக் கப்பலில் தனி ஆளாக வந்தவர், ஊருக்குப் போய்க் கல்யாணம் கட்டிக்கொண்டு புயல் கப்பலில் திரும்பினார். அன்றிலிருந்து பாய்க்கு அவர் இரண்டு ஆட்கள். நான் கடையில் நிற்கும்போதே நடந்தது இது.

"வாங்க கொத்தனாரே. உங்களுக்கு ஒண்ணும் வரல. உங்க பேர்லயே வெங்காயக் கப்பல்ல ஒருத்தர் வந்தாரு, கலியாணம் ஆகாத ஆளு. அவருக்குத்தான் கடுதாசி கெடக்கு. எங்கயாச்சும் பார்த்தா வரச் சொல்லுங்க."

"பாய், அது நான்தான்."

"நீங்க புயல் கப்பல்ல சம்சாரத்தோட எறங்கினீங்க. நான் பார்த்தேன்ல?"

"ஊருக்குப் போய்ட்டு வந்தேன் பாய்."

"அப்ப அந்த ஆளு?"

"அந்த ஆளுதான் போய்ட்டு வந்தேன்!"

பாய் கூரைக் கம்பியை எட்டினார். கடிதங்களை எடுத்துக் கொடுத்தார். கொத்தனார் படி இறங்கும்போது பின்னாலேயே குரல் கொடுத்தார். "மறந்துறாதீங்க. அவர் கையிலயே சேத்துடுங்க."

இன்னொரு தடவை உப்புக் கப்பலில் வந்த ஒருவருக்கு, ஊரில் அவருடைய அப்பா இறந்துபோன சேதி வந்தது. பாய் தேடினார். ஏணியில் ஒருவர் இறங்கினால் அவருக்குப் பின்னால் எல்லாரும் இறங்கிவிடுவார்கள் போலிருக்கிறது. சேதி அந்தக் கப்பலில் வந்த அத்தனை பேருக்கும் போய்விட்டது. ஷாதிபூரில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. என் அப்பா வடக்கே மாயாபந்தரில் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு, எப்போதோ செத்துப்போன தாத்தாவுக்காக இரண்டாம் தடவை உட்கார்ந்து அழுதார். அடுத்த போட்டில்தான் ஆள் மாறின விஷயம் தெரிந்தது. அப்பா பாயைத் திட்டவில்லை. முதல் தடவை நிம்மதியாக அழ முடியவில்லை, இப்போது அழுதுவிட்டேன் என்றார்.

விமானத்தில் வந்து இறங்கிய இன்ஜினீயர் ஒருவர் கதை இன்னும் பரிதாபம். ஏணி இல்லாததால் பாய் தலைக்குள் அவருக்கு நுழையவே வழி இல்லை. இத்தனைக்கும் தினம் சிகரெட் வாங்க வருவார். தினமும் பாய் மரியாதையாக எழுந்து நின்று, "ஊருக்குப் புதுசா சார்?" என்று கேட்பார். அந்த மனிதர் கடைசியில் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்.

நான் வேறு கடைக்குப் போக முடியாது. அம்மா அனுப்புகிற சாமானெல்லாம் பாய் கடைக்குத்தான் வரும்.

நான் மாயாபந்தரில் பிறந்தவள். அப்பாவுக்கு அங்கே மரக்கிடங்கில் வேலை. யானை இழுத்துக்கொண்டு வருகிற மரங்களை அடுக்குகிற இடம். படித்து முடித்து போர்ட் பிளேரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, ஷாதிபூரில் அறை எடுத்துத் தங்கினேன். ஒரு இடத்தில் உட்காருகிற புத்தி எனக்கு எப்போதும் கிடையாது. மாயாபந்தர் போட் வருகிற நாளில் மத்தியானத்திலிருந்தே கால் தரையில் தங்காது. ஆபீஸ் விட்டதும் பஜாருக்குப் பாய்வேன். அப்பா ஒவ்வொரு போட்டிலும் ஏதாவது ஒரு ஆளிடம் "கோமதி ஒழுங்கா சாப்பிடுதான்னு பார்த்துச் சொல்லு" என்று சொல்லி அனுப்புவார். அதைக் கேட்டால்தான் எனக்கு அந்த வாரம் முடியும்.

"யாரு புள்ள நீ?"

"கோமதி."

"எந்தக் கப்பல்?"

"எந்தக் கப்பலும் இல்ல பாய். மாயாபந்தர் மாரிமுத்து மக. போன வாரம்கூட வந்தேனே!"

"மாரிமுத்து, உப்புக் கப்பல்." கண் மூடும். கட்டைவிரல் ஓடும். கண் திறக்கும்போது முகத்தில் சந்தோஷம் பொங்கும். "நல்ல பய. மாயாபந்தர்ல மரக்கிடங்குல இருக்கான். பார்க்கணுமா?"

எங்கப்பா எங்கே இருக்கிறார் என்று எனக்கே வழி சொல்லுவார்! ஒரு முறை அம்மா எனக்கென்று காயவைத்துக் கட்டி அனுப்பிய கருவாட்டை, மாரிமுத்து வீட்டுச் சாமான் என்று அதே போட்டில் மாயாபந்தருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. டவுனுக்குப் போனதும் எங்க கருவாடு நாறுதோ என்று கேட்டு அனுப்பினாள். நான் பதில் சொல்லி அனுப்பி, அவள் சமாதானமாகி, மறுபடியும் கட்டி அனுப்ப, பாய் அதையும் திருப்பி அனுப்பினார்.

அன்றைக்கு அவரோடு நன்றாகச் சண்டை போட்டேன். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"பாய், நான் இந்த மண்ணுல பொறந்தவ. நீங்கதான் எங்கிருந்தோ வந்தவரு. என்னைப் பார்த்து எந்தக் கப்பல்னு கேக்குறீங்க!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்ப் பார்த்தார். "வந்தவங்களைப் பார்த்து வச்சுக்கலாம்மா. வராதவங்களை எப்படிப் பார்க்குறது?"

"அப்ப என்னையும் உப்புக் கப்பல்லயே சேத்துக்குங்க. உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"நீ அதுல எறங்கலையே" என்றார். கெஞ்சுகிற குரல். பொய்யாகக்கூட அவரால் என்னை அந்த ஏணியில் ஏற்றிவிட முடியவில்லை. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அவர் ஒரு கைப்பிடி பேரீச்சம்பழத்தை எடுத்துக் காகிதத்தில் கட்டி என் கையில் திணித்தார். நான் வாங்கிக்கொண்டேன், சாப்பிடவும் செய்தேன். கோபம் வேறு, பேரீச்சம்பழம் வேறு.

லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் புலம்பினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவரு மண்டைக்குள்ள நான் இன்னும் மீசை சரியா மொளைக்காம, கையில கோழிக்கூண்டோட எறங்கிக்கிட்டே இருக்கேன் தாயி. உங்கம்மா வேற கப்பல்ல வர்றா. இதுல எனக்கு எங்கேருந்து மக வரும்?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா ஒண்ணு. நமக்கு ஒரு ஆபத்து அவசரம்னா அவரு ஒருத்தர்தான். அவரைப் பகைச்சுக்காத" என்றார்.

அந்த ஆபத்து வந்த நாள் மழை. காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாளைச் செருகுவதும் தப்பாக அடிப்பதும் உருவிக் கசக்குவதுமாக இருந்தேன். எங்கள் ஆபீஸ் மேட்டில் இருந்தது. ஜன்னலில் நின்றால் கீழே பஜார் தெரியும், பாய் கடையின் தகரக் கூரை தெரியும். அன்று நான் ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்ததைப் பார்த்து ஹெட்கிளார்க் கடிந்துகொண்டார். சாயங்காலம் மதராஸ் கப்பல் கிளம்புகிற ஊதல் நீளமாகக் கேட்டது. அப்பாடா, ஆபீஸ் விடுகிற நேரமாயிற்று என்று மெஷினுக்கு உறை போட்டேன்.

பஜாரில் பாய் கடை திறந்து கிடந்தது. ஆள் இல்லை. அரிசி மூட்டையில் மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடை டெய்லர் என்னைப் பார்த்ததும் மெஷினை விட்டு எழுந்து ஓடிவந்தார். தெலுங்குக்காரர். நம் தமிழும் ஊர் இந்தியும் கலந்து பேசுவார்.

"அரே பேட்டி, எங்க போய்ட்டே நீ? சுபஹ்லேர்ந்து பாய் உன்னைத் தேடி டூண்டி டூண்டி பாகல் ஆயிட்டாரு! உன் ஆபீஸ் எதுன்னு எனக்கும் தெரியல."

"எதுக்கு?"

"உன் அப்பாவை மாயாபந்தர் போட்ல கொண்டாந்தாங்க. மரம் உருண்டு இடுப்பு மேல விழுந்துடுச்சு, நெனவு இல்ல. இங்க ஆஸ்பத்திரில முடியாது, இன்னிக்கு ஜஹாஜ்லயே மெயின்லேண்டு கொண்டுபோன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஜஹாஜ்ல, கூட ஒரு ஆள் இல்லாம ஏத்த மாட்டோம்னு சொல்லிட்டாங்க. உன் அம்மா கடைசிக் கைப்புள்ளைய வச்சுக்கிட்டு வர முடியல. பாய்கிட்டச் சொல்லி மகளை அனுப்புன்னு போட் ஓட்டுற சாரங்குகிட்டச் சொல்லி விட்டிருக்கா."

அதற்குப் பிறகு அவர் சொன்னதையும், மறுநாள் மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்து வைத்துத்தான் எனக்கு அந்தப் பகல் தெரியும். சாரங்கு சேதி சொன்னதும் பாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம். உப்புக் கப்பலை எத்தனை தடவை இறக்கினாரோ தெரியாது. மாரிமுத்து இறங்கியிருப்பார், கோழிக்கூண்டு இறங்கியிருக்கும். மகள் இறங்கவில்லை. வாசலில் நின்று அவரோடு தொண்டை கிழியச் சண்டை போட்டவள் இறங்கவில்லை. அவர் குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கி, உப்புக் கப்பலில் வந்தவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டார். அவர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். யாரோ ரத்தம் கொடுத்தார்கள், யாரோ போர்வை கொடுத்தார்கள், அப்பாவை ஸ்ட்ரெச்சரோடு தோளில் தூக்கி ஜெட்டிவரைக்கும் கொண்டுபோனதும் அவர்கள்தான். மகள் எங்கே என்றால் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. மாயாபந்தரில் இருக்கும் என்றார்கள்.

பாய் எங்கள் ஆபீசுக்கே வந்திருக்கிறார். எங்கள் பியூன் உப்புக் கப்பல் ஆள். அவரிடம் வராந்தாவில் நின்று, "மாரிமுத்து மக எங்கேய்யா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். பியூனுக்கு மாரிமுத்துவைத் தெரியும். தான் தினம் டீ வாங்கிக் கொடுக்கிற டைப்பிஸ்டையும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவரிடம் யாரும் சொன்னதில்லை. "தெரியலையே பாய், நானும் வரேன்" என்று கிளம்பிப் போனார். நான் உள்ளே, கதவுக்கு இந்தப் பக்கம், ஜன்னல் வழியாகப் பாய் கடைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

"அப்ப யார் கூடப் போனாங்க?" என்று டெய்லரைக் கேட்டேன்.

உப்புக் கப்பல்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அரசாங்க வேலையில் லீவு வாங்காமல் யாரும் தீவை விட்டு நகர முடியாது. ஒருவர் மனைவி நிறைமாதம். ஒருவர் அப்போதுதான் வேலையில் சேர்ந்தவர். ஏணியை எடுக்கப்போகிறோம் என்று மேலேயிருந்து குரல் வந்துகொண்டிருந்ததாம்.

"பாய் போயிட்டாரு" என்றார் டெய்லர். "என்கிட்ட ஓடிவந்து கடையப் பார்த்துக்கோன்னாரு. அந்தக் கூடையிலேர்ந்து ரெண்டு எலுமிச்சம்பழம் எடுத்து ஜேப்ல போட்டுக்கிட்டாரு. செருப்புகூடப் போடல. நான் அவர் கை பிடிச்சேன் பேட்டி, உதறிட்டு ஓடிட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு ஏணி ஏறினாருன்னு ஜெட்டிக்குப் போனவங்க சொன்னாங்க."

நான் கடைப் படியில் உட்கார்ந்து கத்தினேன். அந்த ஆளையும், ஊதலையும், உறை போட்டு மூடிய டைப் மெஷினையும் சேர்த்துத் திட்டினேன். அப்பா பக்கத்தில் நான் இருந்திருக்க வேண்டும். எனக்குப் பதில் யாரோ ஒரு மளிகைக் கடைக்காரர் வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் என்னைத் தேடத் தெரியாதவராக இருந்ததால்தானே அவர் ஏற வேண்டி வந்தது?

பிறகு வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று கேட்டால், நடந்தே தள்ளினேன். அறையில் இருக்க முடியாமல் ஆபீசுக்கு நடப்பேன், ஆபீசில் இருக்க முடியாமல் தந்தி ஆபீசுக்கு நடப்பேன், அங்கேயிருந்து கடைக்கு. அடுத்த கப்பலில் நானும் போய்விடலாம் என்றால் அடுத்த கப்பல் என்பது பாயும் அப்பாவும் திரும்பி வரவேண்டிய அதே கப்பல்தான். டெய்லர் பெயருக்கு ஒரு தந்தி வந்தது. ஆபரேஷன் முடிந்தது, மகளைப் பற்றியே பேசுகிறார் என்று இருந்தது. அதை மாயாபந்தர் போட்டில் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அப்பா நல்லா இருக்காங்களாம், பேசுறாங்களாம் என்று நானும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு தந்தி இல்லை. இல்லாததை நல்லதுக்கு என்று எடுத்துக்கொண்டேன். கெட்ட சேதி என்றால்தானே தந்தி வரும்?

சாயங்காலங்களில் டெய்லருக்கு உதவியாகப் பாய் கடையில் உட்கார்ந்தேன். வருகிறவர்களுக்கு அரிசி அளந்துகொடுப்பது சுலபமாக இருந்தது. கூரையில் தொங்குகிற சாமான்களை யாரிடம் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. அடையாளம் எழுதியிருந்தால்தானே? பெயர் கேட்டால் அதே பெயரில் பத்துப் பேர் இருந்தார்கள். இடம் கேட்டால் போன மாதம் அங்கே, இப்போது இங்கே என்றார்கள். காட்டு வேலையிலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் அக்கா அனுப்பிய டின் வந்ததா என்று கேட்டுக்கொண்டு மூன்று நாள் தொடர்ந்து வந்தார். பாய் இருந்தால் என்னைக் கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிச்சிருப்பார்மா என்று ஆற்றாமையோடு சொன்னார். அந்தப் பெரியவரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

கப்பல் வருகிறது என்ற அன்று ஆபீசில் சொல்லக்கூட இல்லை. விடிந்ததும் ஹாடோ ஜெட்டிக்குப் போய்விட்டேன். வெயில் ஏற ஏறக் கூட்டம் சேர்ந்தது. கப்பல் அணைவதற்குள் நான் நின்ற இடத்தை எத்தனையோ முறை மாற்றினேன். அப்பாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவார்களா, கட்டையை ஊன்றி அவரே நடந்து வருவாரா என்று இரண்டு விதமாகவும் மாறி மாறிப் பார்த்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு அழைத்துப் போக ஜீப் ஒன்றுக்கும் சொல்லி வைத்திருந்தேன். ஏணி இறங்கியது. பெட்டிகள், பிள்ளைகள், போலீஸ்காரர்கள், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. கடைசியாக நோயாளிகளை இறக்குவார்கள் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

கூட்டம் இறங்கி ஓய்ந்த பிறகு பாய் வந்தார். கன்னம் ஒட்டி, தாடி நரைத்து, யாருடையதோ சட்டையில் இருந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கையில் அப்பாவை மூடி அனுப்பிய அந்தப் போர்வை, மடித்துக் கட்டி இருந்தது. நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். ஏணியில் வேறு யாரும் இல்லை. மேலே ஒரு கப்பல்காரர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.

பாதி ஏணியில் அவர் நின்றார். ஜெட்டியில் நிற்கிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவரை எனக்குத் தெரியும். இவர் என்னைத் தாண்டிப் போய்விடுவார், யாரு புள்ள நீ என்று கேட்பார், நான் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். என்னைக் கண்டுபிடிக்காமல் போகட்டும் என்று அந்த ஒரு நாள் மனதார வேண்டிக்கொண்டேன். முன்னால் ஒரு ஆள் கோதுமை மூட்டையோடு நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் போய் ஒதுங்கினேன்.

அவர் கண்ணை மூடவில்லை. தள்ளாடிக்கொண்டு இறங்கி, ஆட்களை விலக்கிக்கொண்டு, மூட்டைக்காரனைச் சுற்றி நேராக என்னிடம் வந்தார்.

"கோமதி" என்றார்.